ஊருக்குத் தெரிந்த இரகசியம்: மேவ் பின்ச்சியின் நாவல்களை வாசித்தல்

கேள்வி

ஒரு குடும்ப இரகசியம், அதிலிருந்து விலகித் தொடங்கும் ஒரு புதுவாழ்வு, கடைசியில் அணைத்துக்கொள்ளும் ஓர் ஊர். இந்த மூன்றையும் வைத்து எழுதப்படும் வெகுஜன நாவல்களைப் பற்றி நம்மிடம் ஒரு பொதுவான எண்ணம் உண்டு. மூடிவைத்தது ஒருநாள் வெளியே வரும், கண்ணீர் பெருகும், உண்மை தெரிந்ததால் எல்லாரும் மனம் மாறுவார்கள், வாசகி நிம்மதியோடு புத்தகத்தை மூடுவாள் என்பதே அது. அயர்லாந்தின் மேவ் பின்ச்சி இந்த வகையின் மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர்களில் ஒருவர். பள்ளி ஆசிரியையாக இருந்து, 1968இல் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் சேர்ந்து, அதன் பெண்கள் பகுதிக்கு ஆசிரியரானார். பிறகு லண்டனிலிருந்து அந்த இதழுக்கு எழுதினார். 1982இல் 'லைட் எ பென்னி கேண்டில்' என்ற முதல் நாவல் வந்தது. 2012 ஜூலை 30இல் அவர் இறந்தபோது அவருடைய புத்தகங்கள் 4 கோடிக்கும் மேல் விற்றிருந்தன.

அந்த நாவல்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரை ஒரே கேள்வியைக் கேட்கிறது. அவற்றில் இரகசியம் உண்மையிலேயே உடைகிறதா? பெரும்பாலும் உடைவதில்லை என்பது என் வாசிப்பு. பின்ச்சியின் ஊர், உண்மையைக் கேட்டு மன்னிக்கும் ஊர் அன்று. தெரிந்தும் கேட்காமல் விடத் தெரிந்த ஊர். அவருடைய பெண்கள் மறுபடி வாழத் தொடங்குவது அந்த மௌனத்தின் தயவில்தான். அவர் தம் நாட்டைப் பற்றிச் சொன்ன மிக நேர்மையான செய்தி இது என்று நினைக்கிறேன். அவருடைய எழுத்து எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் இதே செய்திதான் காட்டுகிறது.

இதுவரை சொல்லப்பட்டவை

வெகுஜன நாவலை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் அதை ஒரு நோய்க்குறியாகவே பார்த்தார்கள். கியூ. டி. லீவிஸ் 1932இல் வெளியிட்ட ஆய்வு, விற்பனையாகும் புனைகதை வாசகரின் ரசனையைச் சீரழிக்கிறது என்று வாதிட்டது. ரிச்சர்ட் ஹோகார்ட் 1957இல் எழுதிய நூல் உழைக்கும் மக்களின் பண்பாட்டைப் பரிவோடு விவரித்தது. ஆனாலும் புதிதாகச் சந்தைக்கு வந்த வெகுஜன எழுத்தைப் பற்றி அவருக்கும் அச்சமே மிஞ்சியது. திருப்பம் 1984இல் வந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி ஊர் ஒன்றில் காதல் நாவல் வாசிக்கும் பெண்களை ஜேனிஸ் ராட்வே நேரில் சந்தித்துப் பேசினார். கதைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் போலவே, வாசிக்கும் செயலும் முக்கியம் என்று அவர் கண்டார். வீட்டு வேலைகளுக்கு நடுவே ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அதே சமயம், அந்தக் கதைகள் அவளைப் பழைய ஏற்பாட்டோடு சமாதானப்படுத்தவும் செய்கின்றன என்பதை அவர் மறைக்கவில்லை.

ராட்வேயின் கருவி பின்ச்சிக்கு முழுமையாகப் பொருந்தாது. ராட்வேயின் வாசகிகள் விரும்பியது நாயகன் கடைசியில் கனிந்துவிடும் கதைகள். பின்ச்சியின் ஆண்களோ கனிவதில்லை, பெரும்பாலும் விலகிப்போகிறார்கள். தம் கதைகளில் அழகற்ற வாத்துக்குஞ்சுகள் அன்னமாக மாறுவதில்லை, தன்னம்பிக்கையுள்ள வாத்துகளாக ஆகின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே காதலின் இடத்தில் நட்பும் தொழிலும் ஊரும் நிற்கின்றன.

அயர்லாந்தின் 'தீவிர' இலக்கியத்துக்கும் ஊரோடு ஒரு பழைய கணக்கு உண்டு. பிரின்ஸ்லி மக்னமாரா 1918இல் எழுதிய நாவல், ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அடுத்தவரை வேவு பார்க்கும் ஒரு சிற்றூரைக் காட்டியது. டெல்வின் ஊர்க்காரர்கள் அதில் தங்களை அடையாளம் கண்டு புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 1929இல் நூல் தணிக்கைச் சட்டம் வந்தது. எட்னா ஓ'பிரையனின் 'தி கன்ட்ரி கேர்ள்ஸ்' 1960இலும், ஜான் மக்கஹெர்னின் 'தி டார்க்' 1965இலும் தடைசெய்யப்பட்டன. மக்கஹெர்ன் ஆசிரியர் வேலையையும் இழந்தார். 1967இல் சட்டம் தளர்ந்த பிறகு எழுத வந்தவர் பின்ச்சி. அவர் தடைக்கு ஆளாகவில்லை. இதை வைத்துத்தான் ஒரு வசதியான பிரிவினை உருவானது: தீவிர எழுத்து ஊரை அம்பலப்படுத்துகிறது, வெகுஜன எழுத்து ஊரைத் தடவிக்கொடுக்கிறது. வணிக எழுத்து என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டு வாசிக்காமலே கடந்துபோகும் பழக்கம் தமிழ் விமர்சனத்திலும் ஊறியிருப்பதால், இந்தப் பிரிவினை நமக்கு எளிதில் உண்மையாகத் தோன்றும். நாவல்களைத் திறந்து பார்த்தால் அது நிற்பதில்லை.

சட்டம் செய்த இரகசியம்

பின்ச்சியின் முக்கியமான நாவல்கள் பல 1940களிலும் 1950களிலும் நடக்கின்றன. அந்த நாட்டில் இரகசியம் என்பது தனிமனித பலவீனத்திலிருந்து மட்டும் பிறக்கவில்லை. 1935 முதல் கருத்தடைச் சாதனங்களின் விற்பனையும் இறக்குமதியும் குற்றமாக இருந்தன. 1937 அரசியலமைப்பு மணவிலக்கைத் தடைசெய்தது. அரசுப் பணியில் இருக்கும் பெண் மணமானதும் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது. மணமாகாமல் பிறந்த குழந்தைக்குச் சட்டம் ஒட்டிவைத்திருந்த இழிபெயர் நீங்கியது 1987இல். வேலையின்மையால் 1951க்கும் 1961க்கும் இடையில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர், முக்கியமாக பிரிட்டனுக்கு, நாட்டை விட்டுப் போனார்கள். 1961இல் நாட்டின் மக்கள்தொகையே 28 லட்சம்தான்.

இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் 'புதுவாழ்வு' என்பதற்கு அங்கே மிகத் திட்டமான ஒரு பொருள் தெரியும். அது ஒரு கப்பல் பயணம். கெட்டுப்போன திருமணத்தை முடிக்க வழியில்லை, ஆகவே கடல் தாண்டிப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். கருவுற்றவள் ஊரில் இருக்க முடியாது, ஆகவே லண்டனில் வேலை கிடைத்தது என்று வீட்டில் சொல்ல வேண்டும். பின்ச்சி இதை நாவலுக்கு வருமுன்பே எழுதத் தொடங்கிவிட்டார். லண்டன் பாதாள ரயில் நிலையங்களின் பெயர்களில் அமைந்த 1978ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பில், கருக்கலைப்புக்காக லண்டனுக்கு வரும் ஓர் அயர்லாந்துப் பெண்ணின் கதை இருக்கிறது. முதல் நாவலிலும் கருக்கலைப்பு வருகிறது. போர்க்காலத்தில் லண்டனிலிருந்து அயர்லாந்துச் சிற்றூருக்கு அனுப்பப்பட்ட எலிசபெத்துக்கும், அங்கே அவளை ஏற்ற குடும்பத்தின் மகள் ஆஷ்லிங்குக்கும் இடையிலான நட்பே அந்த நாவல். எலிசபெத் அந்த முடிவை எடுக்கும்போது துணை நிற்பவள் கத்தோலிக்கப் பெண்ணான ஆஷ்லிங். பிறகு தன் திருமணம் செல்லாது என்று திருச்சபை அறிவிக்க வேண்டும் என ஆஷ்லிங் போராடுகிறாள்.

1982இல் அந்த நாவல் வெளிவந்தது. 1983 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 67 சதவீதம் பேர் கருவின் உயிருரிமையை அரசியலமைப்பில் சேர்க்க வாக்களித்தார்கள். அதே மக்களில் எத்தனையோ பேர் வீட்டில் அந்த நாவலை வைத்திருக்கவும் கூடும். இதை முரண்பாடு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. வாக்குச்சீட்டில் ஊரறியச் சொல்ல முடியாததை நாவலில் தனியே வாசிக்க முடிந்தது. 1980க்கும் 2016க்கும் இடையில் அயர்லாந்து முகவரி கொடுத்து பிரிட்டனில் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் 1,60,000க்கும் மேல். ஒவ்வொருவரின் பயணத்தையும் வீட்டில் யாரோ ஒருவர் அறிந்திருப்பார், பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருப்பார். பின்ச்சி எழுதுவது அந்த 'யாரோ ஒருவரை'ப் பற்றி.

எரிந்த கடிதம்

'தி கிளாஸ் லேக்' (1994) இந்த வாதத்துக்கு மையமான நாவல். ஏரிக்கரை ஊரான லாக் கிளாஸில் மருந்துக்கடை வைத்திருப்பவர் மார்ட்டின் மக்மஹோன். அவர் மனைவி ஹெலன் ஓரிரவு காணாமல் போகிறாள். ஊரே ஏரியில் தேடுகிறது. மகள் கிட் வீட்டில் அப்பாவின் பெயருக்கு அம்மா எழுதிவைத்த கடிதத்தைக் கண்டெடுக்கிறாள். சிறுமிக்குத் தெரிந்த ஒரு செய்தி, தற்கொலை செய்துகொண்டவர்களைத் திருச்சபை புனித மண்ணில் அடக்கம் செய்ய விடாது என்பது. அன்றைய திருச்சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் கடிதத்தைப் பிரிக்காமலே எரித்துவிடுகிறாள்.

ஹெலன் சாகவில்லை. பழைய காதலனோடு லண்டனுக்குப் போயிருக்கிறாள். கடிதத்தில் எல்லாவற்றையும் கணவனுக்கு எழுதியிருந்தாள். கடிதம் சேராததால் ஊர் அவளைச் செத்தவளாகக் கணக்கு வைக்கிறது, அவளும் லீனா என்ற பெயரில் வாழத் தொடங்குகிறாள். பிறகு, இறந்தவளின் தோழி என்று சொல்லிக்கொண்டு, தன் மகளுக்கே கடிதம் எழுதுகிறாள்.

மலிவான திருப்பம் என்று இதைத் தள்ளுவது எளிது. தற்செயல்களை நம்பி நிற்கும் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எரித்தது எது என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் குழந்தை ஒன்று, கல்லறை நிலத்தின் சட்டம் தெரிந்து, பெரியவர்களை முந்திக்கொண்டு இரகசியத்தைக் காக்கிறது. மௌனம் காக்க யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை, அது அந்த ஊரின் காற்றிலேயே இருந்தது. மணவிலக்கு சாத்தியமாக இருந்தால் ஹெலன் ஓடவேண்டியதில்லை. அடக்கம் பற்றிய விதி இல்லையென்றால் கடிதம் எரிந்திருக்காது. திருப்பம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு விதி கிடக்கிறது. அயர்லாந்தில் தற்கொலை குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 1993இல், இந்த நாவல் வெளிவருவதற்கு ஒரே ஆண்டு முன்பு.

அம்மாவின் கடிதங்கள் மகளுக்கு வந்துசேரும் வழியும் கவனிக்கத்தக்கது. ஏரிக்கரையில் தனியே வசிக்கும் துறவிப் பெண் சகோதரி மேடலின் மூலமாக அவை வருகின்றன. ஊரில் பலரும் அவளிடம் மனம் திறக்கிறார்கள், அவள் எதையும் எங்கும் கொண்டுபோவதில்லை. பாவமன்னிப்புத் தொட்டியில் பாதிரியார் செய்வதாகச் சொல்லப்படும் வேலையை இங்கே அதிகாரமும் தண்டனையும் இல்லாத ஒரு பெண் செய்கிறாள். மதகுருக்களின் கையிலிருந்த இரகசியத்தைப் பெண்களின் கைக்கு மாற்றிக்கொடுத்தது பின்ச்சியின் பெரிய சாதனை என்றே கருதுகிறேன். விமர்சகர்கள் இதை 'இதமான பாத்திரப்படைப்பு' என்று தாண்டிவிடுகிறார்கள்.

ஊர் இல்லாதவள்

மௌனம் எல்லாருக்கும் கிடைக்குமா? 'சர்க்கிள் ஆஃப் ஃபிரெண்ட்ஸ்' (1990) இந்தக் கேள்வியைக் கேட்கிறது, ஆனால் நாவலின் புகழில் அந்தக் கேள்வி மறைந்துபோனது. 1957 வாக்கில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போகும் மூன்று பெண்களின் கதை அது. பென்னி, நாக்கிளென் என்ற சிற்றூரின் ஜவுளிக்கடைக்காரரின் ஒரே மகள். ஈவ், பெரிய வீட்டுப் புராட்டஸ்டன்ட் குடும்பம் ஒதுக்கிவைத்த ஒருத்திக்குப் பிறந்து, தாய் தந்தை இல்லாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். மூன்றாமவள் நேன், டப்ளினில் குடிகாரத் தந்தையின் வீட்டிலிருந்து வருபவள், பேரழகி. நேன் ஒரு பணக்காரனால் கருவுறுகிறாள். அவன் கைவிடுகிறான். உடனே அவள் பென்னியின் காதலன் ஜாக்கைத் தன் வலைக்குள் கொண்டுவந்து, குழந்தை அவனுடையது என்கிறாள்.

வெகுஜனக் கதை இலக்கணப்படி நேன் வில்லி. பின்ச்சி அவளுக்கு வேறொன்றைக் கொடுக்கிறார். ஈவுக்கு ஒன்றுமில்லை என்று நாம் நினைத்தாலும், அவளை மகளைப் போல் வளர்த்த மடத்தலைவி இருக்கிறாள், பென்னி இருக்கிறாள், ஊர் இருக்கிறது. நேனுக்கு ஒரு தாய் மட்டுமே. அவள் பொய்யை மூட யாரும் இல்லாததால் அது பொய்யாகவே நிற்கிறது. கரு கலைந்து அவள் இங்கிலாந்துக்குப் போய்விடுகிறாள். மூவரில் ஊரின் மௌனம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால், அரவணைப்புக்கும் ஒரு நுழைவுச் சீட்டு உண்டு என்பது தெரிகிறது. நாவலில் பென்னி ஜாக்கைத் திரும்ப ஏற்பதில்லை. 1995இல் வந்த திரைப்படம் இருவரையும் சேர்த்துவைத்தது. வெகுஜனம் என்ற ஒரே அடைமொழிக்குள் எவ்வளவு வேறுபாடு அடங்கிக்கிடக்கிறது என்பதற்கு இந்த இரண்டு முடிவுகளும் போதிய சான்று.

இரகசியத்தின் இடம் மாறுகிறது

1986 பொதுவாக்கெடுப்பில் மணவிலக்கு தோற்றது. 1995 நவம்பரில் அது வென்றது, அதுவும் ஏறக்குறைய 9,000 வாக்குகளில். 1997இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1998இல் வெளியான 'டாரா ரோடு', கணவன் வேறொரு பெண்ணிடம் போய்விட்டதை அறியும் டப்ளின் பெண் ரியாவின் கதை. அவளும், மகனைப் பறிகொடுத்த அமெரிக்கப் பெண் மேரிலினும் ஒரு கோடைக்காலத்துக்கு வீட்டை மாற்றிக்கொள்கிறார்கள். இங்கே கப்பலும் பெயர்மாற்றமும் தேவையில்லை. புதுவாழ்வுக்குச் சட்டப்படியே வழி உண்டு. ஆனாலும் இரகசியம் தீர்ந்துபோகவில்லை. அடுத்தவளின் வீட்டில் வசிக்கும் ஒவ்வொருத்தியும் மற்றவளின் வாழ்க்கையைப் பற்றி, அவளை நோகடிக்கக்கூடிய ஏதோ ஒன்றை அறிகிறாள். இருவரும் அதைச் சொல்வதில்லை. நட்பின் உச்சமாக நாவல் இதைத்தான் வைக்கிறது. உண்மை உடைந்தால்தான் உறவு சீராகும் என்ற சூத்திரத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இறப்புக்குப் பின் 2012இல் வெளியான 'எ வீக் இன் வின்டர்' இன்னும் ஓரடி போகிறது. சிக்கி, ஓர் அமெரிக்கனை நம்பி மேற்குக் கடற்கரை ஊரைவிட்டு நியூயார்க் போனவள். அவன் சில மாதங்களில் விட்டுப்போகிறான். தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, இனிய மணவாழ்க்கை வாழ்வதாக ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள். பொய்யைத் தாங்க முடியாத கட்டம் வந்ததும் இல்லாத கணவனைச் சாலை விபத்தில் இறந்ததாகச் சொல்லி, விதவையாக ஊர் திரும்பி, பழைய மாளிகை ஒன்றை விருந்தினர் விடுதியாக்குகிறாள். ஊர் முன்னால் அந்தப் பொய் கிழிபடும் காட்சியை நாவல் எழுதவில்லை. சிக்கியின் பொய்யைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, மானம்தான் கட்டாயப்படுத்தியது. இதனாலேயே பிந்தைய நாவல்கள் சற்று இளகித் தெரிகின்றன என்பது என் கணிப்பு. எதிர்த்து முட்ட ஒரு சுவர் இருந்தபோது பின்ச்சியின் எழுத்துக்கு இருந்த வலு, சுவர் இடிந்த பிறகு குறைகிறது.

எதிர்வாதம்

இந்த வாசிப்புக்கு எதிரே கனமான ஆவணம் ஒன்று இருக்கிறது. மணமாகாத தாய்மார்களை அடைத்துவைத்த 18 இல்லங்களை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. 1922க்கும் 1998க்கும் இடையில் அந்த இல்லங்களில் சுமார் 56,000 தாய்மார்கள், 57,000 குழந்தைகள். சுமார் 9,000 குழந்தைகள் இறந்தன. டியூம் ஊர் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் பதிவுகளைத் தேடி வெளியே கொண்டுவந்தவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர். அந்த ஊரும் மௌனத்தைக் காத்திருந்தது. அந்த மௌனம் யாருக்கும் மறுவாழ்வு தரவில்லை.

அறிக்கை பொறுப்பை முக்கியமாகக் குழந்தைகளின் தந்தையர் மீதும் பெண்களின் குடும்பங்கள் மீதும் வைத்தது. சமுதாயம் முழுவதும் சேர்ந்து செய்தது என்ற தொனி பிரதமரின் பேச்சிலும் இருந்தது. உயிர்பிழைத்தவர்களும் வரலாற்றாசிரியர்கள் பலரும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எல்லாரும் பொறுப்பு என்றால் திருச்சபையும் அரசும் தப்பித்துவிடும் என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதம். பின்ச்சியின் நாவல்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கன்னியர் மடத்துத் தலைவி ஈவைப் பாசத்தோடு வளர்க்கிறாள், அது நம்பத்தகுந்த பாத்திரம்தான். ஆனால் அதே காலத்தில் வேறு மடங்களின் சலவைக்கூடங்களில் சம்பளமில்லாமல் உழைத்த பெண்கள் இந்த நாவல்களின் மையத்துக்கு வருவதில்லை. கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996இல், பின்ச்சி புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகளில்.

கிளேர் கீகன் 2021இல் எழுதிய 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' இந்த இடத்தில் தவிர்க்க முடியாத ஒப்பீடு. 1985 கிறிஸ்துமஸ் காலத்தில் நிலக்கரி வியாபாரி பில் ஃபர்லாங், மடத்தின் கரிக்கொட்டகையில் அடைபட்டிருக்கும் ஒரு பெண்ணைக் காண்கிறார். பேசாமல் இருப்பதே நல்லது என்று ஊர் அவருக்குச் சொல்கிறது. அவர் அவளைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போகிறார், அங்கே கதை முடிகிறது. கீகனின் ஊரும் பின்ச்சியின் ஊரும் ஒரே ஊர்தான். இருவரும் ஒரே மௌனத்தைத்தான் எழுதுகிறார்கள். பின்ச்சி அதை உள்ளேயிருப்பவளின் போர்வையாகக் காண்கிறார், கீகன் வெளியே தள்ளப்பட்டவளின் பூட்டிய கதவாகக் காண்கிறார். கீகனே ஆழமானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அழைத்துவரப்பட்ட அந்தப் பெண் மறுநாள் காலையில் அந்தத் தெருவில் எப்படி வாழ்வாள் என்ற கேள்விக்கு, யார் ரொட்டி கொண்டுவருவார்கள், யார் கண்டுகொள்ளாததுபோல் கடந்துபோவார்கள், யார் அவளுக்கு வேலை கொடுப்பார்கள் என்பதற்கு, விவரமான விடைகள் வைத்திருப்பவர் பின்ச்சி. அந்த விடைகளை ஆறுதல் சரக்கு என்று ஒதுக்கினால், தண்டனை எப்படி நடந்தது என்பது மட்டுமே நமக்குத் தெரிந்திருக்கும். தப்பிப் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது தெரியாமல் போகும்.

பிள்ளைகளின் பக்கம்

2022இல் அயர்லாந்து இயற்றிய சட்டம், தத்துக்கொடுக்கப்பட்டவர்கள் தங்கள் பிறப்பு ஆவணங்களைப் பெறும் உரிமையை உறுதிசெய்தது. தொடர்பு வேண்டாம் என்று பதிவுசெய்திருக்கும் தாயின் பிள்ளைக்கும் ஆவணம் கிடைக்கும். அதற்கு முன்னால் அந்தத் தாயின் விருப்பத்தை எடுத்துச் சொல்லும் ஒரு தகவல் சந்திப்பு மட்டும் உண்டு. தாய்க்கு வாக்களிக்கப்பட்ட மௌனமும் பிள்ளையின் அறியும் உரிமையும் நேருக்கு நேர் நிற்கும் இடம் இது. பின்ச்சியின் நாவல்கள் பெரும்பாலும் தாயின் பக்கம் நிற்கின்றன. ஓடிப்போனவளின் அச்சமும் துணிச்சலும் அங்கே நுட்பமாக எழுதப்பட்டிருக்கின்றன. விடப்பட்டவர்களின் கோபம் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

ஒரு விதிவிலக்கு கிட். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று அறிந்த பிறகும் அப்பாவிடமும் தோழியிடமும் சொல்லாமல் அந்தப் பெண் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறாள். ஹெலனின் புதுவாழ்வுக்கு வாடகை கட்டுபவள் அவளே. நாவலை ஹெலனின் காதல் கதையாகவோ ஊரின் கதையாகவோ வாசித்ததில் இந்தக் கணக்கு பின்னால் போய்விட்டது. கிட்டை நடுவில் வைத்துப் பின்ச்சியை மறுபடி வாசிக்கும் ஆய்வு ஒன்று எழுதப்பட வேண்டும். அப்போது அவருடைய ஊரின் கருணை எந்த வயதினரின் தோள்மீது நின்றது என்பதையும் சேர்த்தே மதிப்பிட முடியும்.